போர்டு இல்லாத பட்டறையில் என் பத்மினி

என் பத்மினி காருக்குத் தகர வேலை செய்த பட்டறையைப் பற்றி, ஒரு மழைக்காலம் தாண்டட்டும், அப்புறம் எழுதலாம் என்று வைத்திருந்தேன். டிங்கரிங் முடிந்து பட்டறையிலிருந்து வெளியே வரும் அன்று எந்த வண்டியும் அழகாகத்தான் இருக்கும். உள்ளே என்ன செய்திருக்கிறார்கள் என்பதை ஐப்பசி மழைதான் சொல்லும். ஐப்பசியும் போனது, கார்த்திகையும் போனது. நேற்று வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.

வண்டி 1986 மாடல் பிரீமியர் பத்மினி, வெளிர் நீலம். அப்பா 1993-ல் செகண்ட் ஹேண்டாக வாங்கியது. எங்களுக்கு ராயக்கோட்டையில் தக்காளி மண்டி. அப்பாவுக்கு இது பாதி குடும்ப வண்டி, பாதி டெம்போ. முன்சீட்டில் அப்பாவும் அம்மாவும், பின்சீட்டில் நானும் தம்பியும், டிக்கியில் இரண்டு பெட்டி தக்காளி. அடிப்பெட்டியில் நசுங்கிய பழத்தின் சாறு டிக்கித் தகரத்தில் இறங்கி ஊறும். புளிப்புச் சாறு, பெயிண்டில் நகக்கீறல் அளவுக்கு வழி கிடைத்தால் போதும், இரும்பைத் தின்ன ஆரம்பித்துவிடும். வாசனை போகட்டும் என்று அம்மா வாராவாரம் ஒரு பக்கெட் தண்ணீரை உள்ளேயே ஊற்றிக் கழுவுவார். அந்தத் தண்ணீர் எந்த மூலையில் போய்த் தங்குகிறது என்று அன்றைக்கு யார் பார்த்தார்கள்?

அப்பா இப்போது இல்லை. மண்டியையும் வண்டியையும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஸ்டீயரிங்கிலேயே கியர் உள்ள வண்டியை ஒரு பெண் ஓட்டிவருவதை கிருஷ்ணகிரி ரவுண்டானாவில் இன்னும் திரும்பிப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும்.

நான்கு வருடத்துக்கு முன்னால், கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடும் ரன்னிங் போர்டு ஓரத்தில் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. பக்கத்தில் ஒரு பெயிண்ட் கடையில் கொடுத்தேன். கடைப் பெயர் வேண்டாம். 9 நாளில் முடித்துக் கொடுத்தார், 18,000 ரூபாய். கையால் தடவினால் கண்ணாடி. மண்டிக்கு வருகிறவர்களிடமெல்லாம் அவரைப் பற்றிப் பெருமையாகச் சொன்னேன். இரண்டாவது மழைக்காலத்தில் அதே இடத்தில் அதே கொப்புளம், இந்த முறை உள்ளங்கை அகலத்துக்கு. துரு தான் தின்ற இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். உள்ளே ஊதிப் பெருத்து வெளியே தள்ளும்போது மேலே எத்தனை கோட் பெயிண்ட் இருந்தாலும் தூக்கிவிடும். பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், 18,000 கொடுக்கும்போது ஞாபகம் வரவில்லை.

இந்தப் பட்டறையைச் சொன்னவர் எங்கள் மண்டிக்கு லோடு ஏற்ற வரும் ஒரு லாரி டிரைவர். கிருஷ்ணகிரி பழையபேட்டைப் பக்கம். போர்டு கிடையாது. பெயரை எழுத வேண்டாம் என்று பட்டறைக்காரர் பாயே கேட்டுக்கொண்டார்: "இருக்கிற வண்டியையே முடிக்க முடியலம்மா, நீங்க இன்னும் நாலு பேரை அனுப்பாதீங்க." விமர்சனம் எழுத உட்கார்ந்தவளுக்கு இதைவிடச் சங்கடம் வேறு வேண்டாம். அதனால் அடையாளம் மட்டும்: ஒரு புளியமரம், அதன் நிழலில் கூடு மட்டும் நிற்கும் ஓர் அம்பாசடர், ஷெட்டுக்குள் எப்போதும் இரண்டே வண்டி. எதிர் டீக்கடையில் பழைய ஃபியட் வேலை செய்யும் பாய் என்று கேட்டால் கையைக் காட்டுவார்கள். பாய் என்னை மன்னிக்க வேண்டும்.

அவருக்கு வயது அறுபது தாண்டியிருக்கும். மகனிடம் உருதில் பேசுவார், இரும்புக் கடைக்காரரிடம் தெலுங்கில், பெங்களூருக்கு ஃபோன் போட்டால் கன்னடத்தில், என்னிடம் தமிழில். இந்த ஊரில் இது அதிசயம் இல்லை. ஆனால் நான்கு மொழியிலும் அவர் சொல்லும் பொய் ஒன்றுதான்: "அடுத்த வியாழக்கிழமை."

முதல் நாள் அவர் வண்டியைப் பார்த்த விதத்திலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. சட்டைப் பையிலிருந்து ஒரு காந்தம் எடுத்தார். பழைய ஸ்பீக்கரிலிருந்து பிரித்த வட்டக் காந்தம், பெயிண்டைக் கீறாமல் இருக்க மெல்லிய துணி சுற்றியது. கூரையில் வைத்தார், சப்பென்று ஒட்டியது. கதவின் நடுவில் வைத்தார், ஒட்டியது. அப்படியே கீழே இறக்கிக்கொண்டே வந்து ரன்னிங் போர்டில் வைத்துக் கையை எடுத்தார். காந்தம் தரையில் விழுந்து உருண்டது. என்னை ஒரு பார்வை பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு சாண் தள்ளி இன்னொரு இடம். அங்கேயும் விழுந்தது.

பெயிண்டுக்கு அடியில் பள்ளத்தை நிரப்பப் பூசும் பட்டி என்பது பிசினும் மாக்கல் பொடியும் கலந்தது. அதற்கும் காந்தத்துக்கும் சம்பந்தம் இல்லை. இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குள் மெல்லிய பூச்சாக இருந்தால் அடியில் உள்ள தகரம் காந்தத்தை இழுத்துக்கொள்ளும். விழுகிறதென்றால் பட்டி கனம், இல்லையென்றால் அடியில் தகரமே இல்லை. பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் மெக்கானிக்கைக் கூட்டிப் போக மறந்தாலும் ஒரு காந்தத்தை மறக்க வேண்டாம்.

அப்புறம் ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டிக்கொண்டே வண்டியை ஒரு சுற்று சுற்றினார். நல்ல தகரம் 'டங்' என்கிறது, செத்த தகரம் 'டொக்' என்கிறது. ஒரு தர்பூசணி வியாபாரியின் காது வேண்டும் இதற்கு. கேட்டுக் கேட்டு, கடைசியில் எனக்கே வித்தியாசம் தெரிய ஆரம்பித்துவிட்டது.

ரன்னிங் போர்டுப் பட்டியை உடைத்தபோது உள்ளே இருந்து வந்ததை ஃபோட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். கடலை எண்ணெய் டின்னை வெட்டி விரித்து, ஓட்டையின் மேல் நான்கு ரிவிட் அடித்து, அதன்மேல் அரை இஞ்சுக்குப் பட்டி. டின்னில் அச்சடித்த நிலக்கடலைப் படம் பாதி அப்படியே பளிச்சென்று இருந்தது. 18,000 ரூபாய் வேலையில் துருப்பிடிக்காமல் இருந்தது அந்தக் கடலை மட்டும்தான்.

பாய் சிரிக்கவில்லை. "விக்கிறதுக்கா, வெச்சுக்கிறதுக்கா?" என்று கேட்டார்.

"வெச்சுக்கிறதுக்குத்தான் பாய்."

"விக்கிறதுன்னா வேற ஆளுகிட்ட போங்க. பதினஞ்சு நாள்ல முடிச்சிருவாங்க. வெச்சுக்கிறதுன்னா வெட்டணும்."

வெட்ட வேண்டிய இடங்களைச் சாக்பீஸால் வண்டியிலேயே கோடு போட்டுக் காட்டினார். ரன்னிங் போர்டு இரண்டு பக்கமும். டிரைவர் சீட்டுக்குக் கீழே முன்பாதித் தரை. டிக்கித் தளம் ஏறக்குறைய முழுவதும். அது அப்பாவின் தக்காளிக் கணக்கு. முன் மட்கார்டு இரண்டிலும், சக்கரம் வாரியடிக்கும் சேறு போய் அடையும் பின்பக்கக் கீழ்மூலை. மூன்று கதவுகளின் அடிப்பாகம் நான்கு இஞ்ச். கதவு ஏன் அடியில் மட்டும் போகிறது என்று கேட்டேன். கண்ணாடி ஓரத்து ரப்பர் பீடிங் வெடித்தால் மழைத்தண்ணீர் கதவுக்குள்தான் இறங்கும். அது வெளியே போவதற்குக் கதவின் அடியில் சின்னச் சின்ன ஓட்டைகள் உண்டு. தூசியும் இலையும் அதை அடைத்தால் கதவு ஒரு தண்ணீர்த் தொட்டி. என் வண்டியில் அந்த ஓட்டைகளைப் பெயிண்ட் கடைக்காரர் அழகாகப் பட்டி வைத்து மூடியிருந்தார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைத் தெரியாத டிங்கர் கையில் பத்மினியைக் கொடுத்தால் வண்டி போயே போச்சு. பத்மினிக்கு லாரி மாதிரி தனிச் சேசிஸ், அதாவது அடிச்சட்டம், கிடையாது. கூடுதான் சேசிஸ். இத்தாலியின் ஃபியட் 1100-ஐ மூலமாக வைத்து பம்பாய் குர்லாவில் பிரீமியர் கம்பெனி செய்த வண்டி இது. கூரை, தூண், தரை, ரன்னிங் போர்டு எல்லாம் சேர்ந்துதான் பாரத்தைத் தாங்குகின்றன. ரன்னிங் போர்டு பார்வைக்கு ஓரத்துப் பட்டை மாதிரி இருந்தாலும், அது முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில் கிடக்கும் உத்தரம். அதை அப்படியே வெட்டி எடுத்தால் வண்டி நடுவில் தொய்ந்துவிடும். தொய்ந்த பிறகு புதுத் தகரம் வைத்து வெல்டிங் அடித்தால் அந்தத் தொய்வு நிரந்தரம். கதவு ஒரு ஜென்மத்துக்கும் ஒழுங்காகச் சாத்தாது.

பாய் என்ன செய்தார் என்றால், நான்கு சக்கரமும் சமதரையில் நிற்கும்போதே ஒவ்வொரு கதவைச் சுற்றியும் உள்ள இடைவெளியை அளந்தார். அளவுகோல், தடித்த பழைய ஐந்து ரூபாய்க் காசு இரண்டைச் சேர்த்துப் பிடித்தது. நுழைந்தால் சரி, நுழையாவிட்டால் எந்த இடம் எவ்வளவு இறுக்கம் என்று ஷெட் சுவரில் சாக்பீஸில் எழுதினார். அப்புறம் கதவுகளைக் கழற்றிவிட்டு, கதவு வாசலுக்குக் குறுக்கே ஓர் இஞ்ச் சதுரப் பைப்பை எக்ஸ் மாதிரி வைத்து வெல்டிங் அடித்தார். சீட், வயரிங், பேட்டரி எல்லாம் வெளியே. பெட்ரோல் டேங்க்கைக் கழற்றி ஷெட்டிலேயே வைக்கவில்லை. புளியமரத்தையும் தாண்டிக் கொண்டுபோய் வைத்தார்கள். "அதுல பெட்ரோலே இல்லையே பாய்" என்றேன். "பெட்ரோல் இருந்தாகூட பரவாயில்லம்மா, ஆவிதான் ஆபத்து" என்றார்.

இத்தனையும் முடிய மூன்று வாரம். ஒரு இஞ்ச் துருகூட அதுவரை வெட்டவில்லை. எனக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. இப்போது யோசித்தால் நான் கொடுத்த கூலியில் உருப்படியான பாதி அந்த மூன்று வாரத்துக்குத்தான்.

அடுத்து தகரம். பத்மினி தயாரிப்பு 2000 வாக்கிலேயே நின்றுவிட்டது, பிரித்துப் போட்ட வண்டிகளிலிருந்து பாகம் எடுப்பதுதான் வழி என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் பெங்களூரு சிவாஜிநகர்ப் பழைய சாமான் கடைகளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். இங்கிருந்து 90 கிலோமீட்டர்தானே என்ற தைரியம். கறுப்பு பெயிண்ட் அடித்த இடது மட்கார்டு ஒன்று 6,500 ரூபாய்க்குக் கிடைத்தது. பஸ்ஸில் ஏற்ற விடவில்லை, கூலிக்கு ஒரு டாடா ஏஸில் போட்டு வந்தேன். காந்தத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தேன் என்பதை இந்த இடத்தில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பாய் தன் காந்தத்தை அதில் வைத்தார். டொப். "இரும்பைவிட பட்டி ஜாஸ்திம்மா இதுல" என்றார். அந்த மட்கார்டு இப்போது எங்கள் மண்டிக் கொல்லையில் கோழிக்கு நிழல்.

பம்பாய் டாக்ஸி சாமான் பற்றியும் அவருக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. மும்பையில் பத்மினி டாக்ஸிகள் 2023 அக்டோபரோடு முடிந்துபோயின, அங்கே 20 வருடம்தான் ஆயுள். அந்த வண்டிகளின் கைப்பிடி, பம்பர், விளக்கு வளையம், ஸ்டீயரிங் எதுவும் வாங்கலாம், தகரம் மட்டும் வாங்காதே என்பார். கடல்காற்று உப்பு, உப்பு ஈரத்தில் துரு நாலு கால் பாய்ச்சலில் போகும். உள்நாட்டு வண்டித் தகரம்தான் தகரம். அதாவது எங்களைப் போல டிக்கியில் தக்காளி ஏற்றாத உள்நாட்டு வண்டி.

கடைசியில் பழையது எதுவும் வேண்டாம், புதுத் தகட்டில் செய்துவிடலாம் என்று முடிவானது. ரன்னிங் போர்டுக்கும் தரைக்கும் டிக்கிக்கும் 18 கேஜ், கதவு அடிக்கும் மட்கார்டு மூலைக்கும் 20 கேஜ் சி.ஆர். ஷீட், அதாவது மேலே பூச்சு இல்லாத வெறும் இரும்புத் தகடு. கேஜ் எண் குறைந்தால் தகடு கனம். எட்டுக்கு நான்கு அடி ஷீட் 18 கேஜில் 28 கிலோ வரும், 20 கேஜில் 21 கிலோ. துத்தநாகம் பூசிய ஜி.ஐ. ஷீட் போட்டால் துருவே வராதே என்று நான் புத்திசாலித்தனமாகக் கேட்டேன். அதன் மேலுள்ள துத்தநாகம் வெல்டிங் சூட்டில் வெள்ளைப் புகையாக எரியும், மூடிய ஷெட்டில் அதை மூச்சில் இழுத்தால் ராத்திரி காய்ச்சல்தான் என்று பாயின் மகன் சொன்னார். அதோடு அந்த பேச்சை விட்டேன்.

எனக்குப் பிடித்த நாள் எது என்றால் பீரோ பட்டறைக்குப் போன நாள். ரன்னிங் போர்டுக்கு நீளமான நேர் மடிப்பு வேண்டும், சுத்தியலால் அது வராது. இரண்டு தெரு தள்ளி இரும்பு பீரோ செய்யும் கடையில் பெண்டிங் மெஷின் இருக்கிறது. பழைய ரன்னிங் போர்டில் துரு தின்னாத ஓர் ஒற்றைச் சாண் துண்டை வெட்டி எடுத்து, அதை அட்டையில் வரைந்து, அந்த அட்டையைப் பார்த்து பீரோக்காரர் ஆறு மடிப்பு மடித்தார். பீரோக் கதவுக்குக் காத்திருந்த ஒரு கல்யாண வீட்டுக்காரர் அரை மணி நேரம் என்னை முறைத்துக்கொண்டு நின்றார். மட்கார்டு மூலைக்கு மெஷின் உதவாது. அதை பாய் மணல்மூட்டையில் வைத்து மரச்சுத்தியால் தட்டித் தட்டிக் குழி எடுத்தார். பின்னால் டாலிக்கட்டை என்ற இரும்புக் கட்டியைப் பிடித்துக்கொண்டு முன்னால் லேசாகத் தட்டி வழவழப்பாக்கினார். ஒரு மூலைக்கு ஒன்றரை நாள்.

வெல்டிங் மகன் கை. பாய் காலத்தில் எல்லாம் கேஸ் வெல்டிங். சூடு பரவி சுற்றியுள்ள தகரம் அப்பளம் மாதிரி நெளியும், அதைத் தட்டி நேராக்குவதே பாதி வேலை. இப்போது கார்பன் டை ஆக்சைடு வாயுவை ஊதிக்கொண்டே கம்பியை உருக்கி ஒட்டும் சி.ஓ.2 மெஷின். அதிலும் மகன் ஒரே கோடாக இழுக்கவில்லை. இங்கே ஒரு பொட்டு, ஒரு சாண் தள்ளி ஒரு பொட்டு, கைவைத்துச் சூடு ஆறியதா பார்த்து நடுவில் இன்னொரு பொட்டு. தகட்டின் மேல் தகடு ஏற்றி ஒட்டாமல், விளிம்போடு விளிம்பு சேர்த்து ஒட்டினார். ஏற்றி ஒட்டுவது சுலபம், ஆனால் இரண்டு தகட்டுக்கு நடுவில் ஈரம் புகுந்தால் அடுத்த துரு அங்கேதான் பிறக்கும். கம்பெனியில் புள்ளி புள்ளியாக ஸ்பாட் வெல்டிங் அடித்த இடங்களில் மட்டும், மேல் தகட்டில் வரிசையாக ஓட்டை போட்டு அந்த ஓட்டையை வெல்டிங்கால் நிரப்பினார். தேய்த்த பிறகு பார்த்தால் கம்பெனிப் புள்ளி மாதிரியே இருந்தது. ஒரு பக்க ரன்னிங் போர்டு முழுவதும் முடிந்து, கதவை மாட்டி, இரண்டு காசையும் விட்டுப் பார்த்து, சுவரில் எழுதியதோடு ஒத்துப்போன பிறகுதான் அடுத்த பக்கத்தை வெட்டினார்கள்.

ரன்னிங் போர்டின் உள்பக்கம்தான் எங்களுக்குள் வந்த ஒரே சண்டை. வெளியே என்ன பிரைமர் அடித்தாலும், வெல்டிங் சூட்டில் உள்பக்கப் பூச்சு கருகிவிடும். குழாய்க்குள் மாதிரி கை போகாத இடம் அது. அங்கே அடிக்கவென்றே ஒரு மெழுகு ஸ்ப்ரே வருகிறது, நீளமான மெல்லிய குழாயோடு. ஆன்லைனில் வாங்கி வைத்திருந்தேன். பாய்க்கு அதில் நம்பிக்கை இல்லை. அவருடைய மருந்து, புது கியர் ஆயிலில் கிரீஸைப் போட்டுச் சூடாக்கிக் கரைத்தது. இன்ஜினிலிருந்து இறக்கிய கறுப்பு ஆயிலை அடிக்கும் பட்டறைகளை அவரே திட்டுவார், அதில் இன்ஜின் கழிவெல்லாம் இருக்கும் என்று. ஆனால் மெழுகு? "மெழுகு வெயில்ல உருகும்மா, நம்ம ஊரு சித்திரையைத் தாங்குமா?" முக்கால் மணி நேரம் வாதாடினோம். டீக்கடைக்காரர் வந்து தீர்ப்பு சொன்னார்: இடது பக்கம் மெழுகு, வலது பக்கம் பாய் மருந்து, எது ஜெயிக்கிறது பார்ப்போம். அப்படியே செய்தோம், பெயிண்ட் வேலை முடிந்த பிறகு. எண்ணெய் முன்னாலேயே கசிந்திருந்தால் பெயிண்ட் ஒட்டாது.

இனி குறைகள். 45 நாள் என்றார், தைப் பொங்கல் கழித்துக் கொடுத்த வண்டி மாங்காய் சீசன் உச்சத்தில் வந்தது. சரியாக ஐந்து மாதம். நடுவில் நோன்பு மாதத்தில் வேலை அரை நாள்தான், அது நியாயம், முன்பே சொல்லியும் இருந்தார். ஆனால் மற்ற நான்கு மாதத்துக்கு நியாயம் கிடையாது. ஃபோன் எடுக்க மாட்டார். எடுத்தால் வியாழக்கிழமை. ஒருமுறை ராயக்கோட்டையிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றேன். என் வண்டி மூலையில் தார்ப்பாய்க்கு அடியில், இரண்டு பேரும் யாருடைய ஜீப்பிலோ. "உங்க வண்டிக்கு பிரைமர் காயணும்மா" என்றார். பிரைமர் பதினோரு நாளாகக் காய்ந்துகொண்டிருந்தது. அதுவும் ரெட் ஆக்சைடு. மேலே அடுத்த கோட் வராமல் ரெட் ஆக்சைடை மட்டும் விட்டுவைத்தால் அது ஈரத்தை உறிஞ்சும் என்று இவரே எனக்கு முதல் வாரம் சொன்னவர். அன்றைக்கு மட்டும் நான் குரலை உயர்த்தினேன். அதைத் தேய்த்து எடுத்து ஈரத்தை உள்ளே விடாத எபாக்சி பிரைமர் அடிக்க வைத்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

பெயிண்ட் சுமார். அதை பாய் செய்வதில்லை, பக்கத்து ஷெட்டில் ஒருவர் அடிக்கிறார், திறந்த ஷெட். புளியம்பூ உதிரும் பருவம் வேறு. பானட்டில் இரண்டு இடத்தில் பெயிண்டுக்கு அடியில் ஏதோ ஒரு துணுக்கு இன்னும் சிறைப்பட்டிருக்கிறது. வெயிலில் சாய்வாகப் பார்த்தால் மேற்பரப்பு ஆரஞ்சுத் தோல் மாதிரி பொறிப்பொறியாகத் தெரியும். கதவின் நீலத்துக்கும் மட்கார்டின் நீலத்துக்கும் நூல் அளவு வித்தியாசம்; எனக்குத் தெரிகிறது, மற்றவர்களுக்குத் தெரியவில்லை என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். நீலமே வேண்டாம், பாலேட்டு நிறம் அடித்துவிடலாமா என்று ஒரு வாரம் சபலம் இருந்தது. ஆர்.சி.யில் நீலம் என்று இருக்கிறது, மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகம் வேறு அலைய வேண்டும். 15 வருடம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்க அலைவதே எனக்குப் போதும்.

மறுபடி செய்வதாக இருந்தால் தகர வேலையை மட்டும் இங்கே கொடுத்து, எபாக்சி பிரைமரோடு வண்டியை எடுத்துக்கொண்டு, பெயிண்ட் பூத் இருக்கிற இடமாகப் பார்த்து ஓசூரில் கொடுப்பேன். ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால், தகரத்துக்கு நாலரை, பெயிண்டுக்கு இரண்டரை, சொன்ன தேதிக்கு ஒன்று. அந்த ஒன்றும் ஒரு வியாழக்கிழமை நிஜமாகவே கதவை மாட்டி வைத்திருந்தார் என்பதற்காக.

செலவு: டிங்கரிங் கூலி 62,000. தகடு, கேஸ், கிரைண்டர் சக்கரம், பெண்டிங் கூலி எல்லாம் சேர்த்து 14,300. பெயிண்ட் 38,000. நான்கு கதவுக்கும் முன்பின் கண்ணாடிக்கும் ரப்பர் பீடிங் 4,800. ஆக 1,19,100 ரூபாய். முதலில் வாயால் சொன்ன தொகை 70,000, பெயிண்டோடு. ஏறியதில் பாதி நியாயம். டிக்கியைப் பிரித்த பிறகுதான் அதைத் தாங்கும் குறுக்குச் சட்டமும் போயிருப்பது தெரிந்தது, அதைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டுத்தான் வெட்டினார். மீதிப் பாதிக்கு நான் பேரம் பேசியிருக்க வேண்டும். ஆயிரக்கணக்கான பெட்டி தக்காளிக்குப் பேரம் பேசியவள், இந்த ஷெட்டில் மட்டும் வாய் வரவில்லை. 20,000 முன்பணம், மீதி மூன்று தவணை, ரசீது கிடையாது. ஒரு பழைய நாட்குறிப்பில் எழுதி என் கையெழுத்தையும் வாங்கிக்கொள்கிறார். வெட்டிய துருத் தகரத்தை எல்லாம் ஒரு சாக்கில் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். எதை வெட்டினேன் என்று நீங்கள் பார்க்க வேண்டும் என்றார். இது வேறு எந்தப் பட்டறையிலும் நான் பார்க்காதது.

மழைக்கு வருகிறேன். ஐப்பசியில் ஒரு ராத்திரி ராயக்கோட்டையில் விடிய விடியக் கொட்டியது. வண்டியை வேண்டுமென்றே வெளியில் நிறுத்தினேன். காலையில் கால்மிதியைத் தூக்கினால் டிரைவர் பக்கம் காய்ந்து கிடந்தது. டிக்கியும் அப்படியே. பக்கத்து சீட்டுக்குக் கீழே மட்டும் ஒரு டம்ளர் தண்ணீர். தேடிப் பார்த்ததில் முன் கண்ணாடி பீடிங்கின் மூலை சரியாக உட்காரவில்லை. அது தகர வேலைக் குறை இல்லை, ஆனால் அப்படியே விட்டால் இன்னும் நான்கு வருடத்தில் தகர வேலை ஆகிவிடும். உள்ளூரிலேயே ஒருவரை வைத்து மூலையைச் சரிசெய்துவிட்டேன்.

கதவடி ஓட்டைகளை ஈர்க்குச்சியால் குத்திப் பார்த்தேன், ஏழும் திறந்திருக்கின்றன. காந்தமும் வாங்கிவிட்டேன், என் சொந்தக் காந்தம். ரன்னிங் போர்டு நெடுகப் பிடிவாதமாக ஒட்டுகிறது. மட்கார்டு மூலையில் கொஞ்சம் சோம்பலாக ஒட்டுகிறது, அங்கே இரண்டு மில்லிமீட்டர் பட்டி உண்டு, பாயே சொல்லித்தான் வைத்தார்.

மெழுகா, பாய் மருந்தா என்ற போட்டியின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். ஃபோனில் மாட்டும் குழாய்க் கேமரா ஒன்று வாங்கி நேற்று இரண்டு ரன்னிங் போர்டுக்குள்ளும் விட்டுப் பார்த்தேன். இடது பக்கம் மெழுகு பழுப்புத் தோல் மாதிரி படிந்திருக்கிறது, துரு இல்லை. வலது பக்கமும் துரு இல்லை, ஆனால் பாய் மருந்து ஓட்டை வழியாகச் சொட்டி, ரோட்டுப் புழுதி எல்லாம் அதில் ஒட்டி, அடியில் களி மாதிரி சேர்கிறது. அது ஓட்டையை அடைத்துவிடுமோ என்று எனக்குச் சந்தேகம். வீடியோவை பாயின் மகனுக்கு அனுப்பினேன். "அத்தா பார்த்துட்டாருக்கா, சித்திரை வரட்டும்னு சொல்றாரு" என்று பதில் வந்தது.

வலது பின்கதவை இன்னும் லேசாகத் தூக்கித்தான் சாத்த வேண்டியிருக்கிறது. இரண்டு காசில் ஒன்றுதான் அந்த மேல்மூலையில் நுழைகிறது. கீலில் ஒரு வாஷர் வைத்தால் சரியாகிவிடும், பணம் வேண்டாம், கொண்டுவாங்க என்றார் பாய். என்றைக்கு என்று கேட்டேன். வியாழக்கிழமையாம்.